முதல் பழனி பாதயாத்திரை: எங்கிருந்து, எப்போது, யாரோடு?

பழனிக்கு நடந்து போக வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் எடுத்தவுடன் கேட்பது தூரத்தைத்தான். அப்புறம் இருப்பதிலேயே குறைந்த தூரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை தரிசனம், திங்கள் காலை ஆபீஸ். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல்முறை நடப்பவருக்கு இதைவிடக் கஷ்டமான வழி கிடையாது என்பது என் கட்சி. காரைக்குடிப் பக்கமிருந்து 160 கிலோமீட்டரை ஒரு வாரமாக நடந்து வருபவர், பழனி அடிவாரத்தில் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார். திண்டுக்கல்லிலிருந்து ஒரே மூச்சில் வந்தவர் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார இடம் தேடுவார்.

ஆகவே மொத்தத் தூரத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வருகிறது, மறுநாள் காலை எழுந்து மறுபடி நடக்க முடியுமா என்று பாருங்கள். கீழே உள்ள எல்லா வழிகளையும் அந்தக் கணக்கில்தான் எடை போடுகிறேன்.

திண்டுக்கல் வழி: ஒரே ராத்திரியா, மூன்று நாளா

முதலில் ஒரே ராத்திரிக் கணக்கைப் பார்ப்போம். சமதரையில், வயிறு நிறைந்து, கால் புதிதாக இருக்கும்போது மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கலாம். கூட்டத்தோடு, நின்று நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்து நடந்தால் 4 வருவதே பெரிது. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் 3 ஆகிவிடும். 60 கிலோமீட்டருக்குக் குறைந்தது 15 மணி நேர நடை, ஓய்வோடு சேர்த்தால் 20 மணி நேரம். இதில் ஒரு முழு ராத்திரித் தூக்கம் போகிறது. தூக்கம் கெட்டவர் லாரி வெளிச்சத்தில் சாலையோரம் தள்ளாடி நடப்பது, கால் வலியைவிடப் பெரிய ஆபத்து. சாலையில் நடக்கும் விபத்துகளைப் பற்றி ஒவ்வொரு தைப்பூசத்திலும் படிக்கிறோம். விடியற்காலை என்பது ஓட்டுநருக்கும் கண் சொருகும் நேரம் என்பதை மறக்க வேண்டாம்.

இதே வழியை மூன்று நாளாகப் பிரித்துவிட்டால் விஷயமே மாறிவிடுகிறது. முதல் நாள் ரெட்டியார்சத்திரம் தாண்டி ஓர் இடத்தில் தங்கல். இரண்டாம் நாள் ஒட்டன்சத்திரம் வழியாக விருப்பாட்சி, சத்திரப்பட்டி பக்கம் வரை. மூன்றாம் நாள் கணக்கன்பட்டி, ஆயக்குடி, பழனி. ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர். ஆயக்குடியில் கொய்யாப்பழம் வாங்கிச் சாப்பிட நேரம் இருக்கும் (அந்த ஊர் கொய்யா பேர்பெற்றது, ஒரே ராத்திரிக் கட்சியினர் அதைக் கவனிக்காமலே கடந்துபோவார்கள்).

இந்த வழிக்கு இன்னொரு பெரிய வசதி உண்டு. சாலையோரம் பாதயாத்திரை போகிறவர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே நிலையில் இல்லை. சில இடங்களில் கடைகள் ஏறியிருக்கும், சில இடங்களில் கல் பெயர்ந்திருக்கும். ஆனாலும் வண்டிகளோடு உரசாமல் நடக்க இப்படி ஒன்று இருப்பது சாதாரண விஷயமில்லை. அப்புறம், முடியவில்லை என்றால் கை காட்டினால் பஸ். ஒட்டன்சத்திரத்தில் ரயில் நிலையமே இருக்கிறது. திண்டுக்கல் - பாலக்காடு பாதையில் பழனிக்கு முன்னால் வருவது அது. முதல்முறை போகிறவர் "பாதியில் விட்டால் எப்படித் திரும்புவது" என்பதை யோசிக்காமல் கிளம்பக் கூடாது. யோசிப்பது அபசகுனம் என்று சிலர் வாயை அடைப்பார்கள். முருகன் அப்படியெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குறை என்று பார்த்தால், திண்டுக்கல்லில் எல்லா வழிகளும் வந்து சேர்ந்துவிடுகின்றன. காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சி என்று கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிற மொத்தக் கூட்டமும் அங்கிருந்து ஒரே சாலையில் நடக்கும். தைப்பூசத்துக்கு முந்தைய சில நாட்களில் இரவு படுக்க ஓரடி திண்ணை கிடைப்பதுகூட அதிர்ஷ்டம்தான்.

செட்டிநாட்டு வழி

நீளமான வழிகளில் முதல்முறை நடப்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். குன்றக்குடியில் தொடங்கி திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. சுமார் 160 கிலோமீட்டர். நகரத்தார் காவடிகள் போகிற வழி. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது என்று அவர்கள் மரபில் சொல்வார்கள். காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படும்; பழனியில் செலுத்தியபின் திரும்பவும் நடந்தே ஊர் வந்து சேரும். நம்மைப் போன்றவர்கள் திரும்பும்போது பஸ் ஏறலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் நகரத்தாராக இருக்க வேண்டும் என்று இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று அந்த வட்டாரமே இந்தச் சாலையில் இறங்கிவிடும். காவடிக் கூட்டத்துக்கு அவர்களுடைய ஒழுங்கு, தங்குமிடம், பூசை நேரம் எல்லாம் தனி. மற்றவர்கள் தங்கள் ஊர்க் குழுவோடு முன்னும் பின்னுமாக நடப்பார்கள்.

இந்த வழியின் பலம், பல தலைமுறையாக நடந்து பழகிய சாலை என்பதுதான். வழி நெடுக யாரோ ஒருவர் நடப்பவர்களை எதிர்பார்த்துக் காத்திருப்பார். காலை நாலு மணிக்குச் சுக்குக்காப்பி, எட்டு மணிக்குப் பொங்கல், வெயில் ஏறியதும் பானகம், நீர்மோர், மத்தியானம் பந்தலில் சாப்பாடு, ராத்திரி உப்புமா. ஊரில் வசதியானவர்கள் பெரிய பந்தல் போடுவார்கள். ஒரு வீட்டு ஆத்தா குடத்தில் தண்ணீரும் கையில் ஒரு சொம்புமாக வாசலில் நிற்பார். வெந்நீர் வைத்துக் காலில் ஊற்றிவிடுகிற இடங்களும் உண்டு. பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் கடலைமிட்டாயும் இருந்தால் போதும்.

அதிலேயே ஒரு தொல்லையும் ஒளிந்திருக்கிறது. கொடுப்பதையெல்லாம் சாப்பிட்டால் வயிறு கெடும். கேசரி, சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம், மறுபடி கேசரி. அன்போடு நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஒரு வாய் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நடக்கும் நாட்களில் காலைவிட வயிறு படுத்தினால்தான் பாதியில் திரும்ப வேண்டிவரும்.

தினம் 25 கிலோமீட்டருக்குள் வைத்தால் ஏழு நாள். பழகிய குழுக்கள் ஐந்தே நாளில் முடித்துவிடும், அதாவது தினம் 32. முதல்முறை போகிறவர் சேரும் முன் இந்த ஒரு கணக்கைக் கேட்டுவிட வேண்டும். "எத்தனை நாள் சாமி?" என்று கேட்டு, ஐந்து என்றால் வேறு குழு பாருங்கள்.

இரண்டாம் நாள்தான் மிக மோசமாக இருக்கும். முதல் நாள் உற்சாகத்தில் போய்விடும். இரண்டாம் நாள் காலை எழுந்து நிற்கும்போது, உள்ளங்காலில் யாரோ அடித்ததுபோல் இருக்கும்; தொடை இறுகியிருக்கும்; வீட்டு நினைப்பு வரும். அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் இளகிவிடும். மூன்றாம் நாளிலிருந்து உடம்பு ஒரு தாளத்துக்கு வந்துவிடும். நத்தம் தாண்டும்போது நடப்பதே தெரியாது. நீண்ட வழி குறுகிய வழியைவிட இதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: ஒரே ராத்திரியில் முடிப்பவருக்கு வலி மட்டும் வருகிறது, அது ஆறிப் பழகுகிற அந்த மூன்றாம் நாள் வருவதே இல்லை.

லீவு ஒரு வாரம் கிடைக்காது என்றால்? நத்தத்தில் தொடங்குங்கள். நத்தம் - திண்டுக்கல் 37 கிலோமீட்டர் போல வரும்; பழனி வரை கிட்டத்தட்ட 97. நான்கு நாள். பொங்கல் விடுமுறையோடு ஒட்டி வந்தால் ஒரு நாள் லீவு போட்டாலே சரிக்கட்டிவிடலாம்.

கொங்குப் பக்கம்

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம், பழனி. கோவையிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர், பொள்ளாச்சியிலிருந்து 65, உடுமலையிலிருந்து 35. தைப்பூச சமயத்தில் இங்கும் நல்ல கூட்டம் நடக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, தென்னந்தோப்பு, காற்றாலைகள், இடையில் அமராவதி. கண்ணுக்கு எது அழகு என்று கேட்டால் இந்த வழிதான், யோசிக்கவே வேண்டாம். பழனிக்குள் நுழையும் முன் சண்முகநதி குறுக்கே வருகிறது. குளித்துவிட்டு மலையைப் பார்த்து நடப்பதற்கு நேர் வழியாக அமைந்திருக்கிறது.

கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்வது: திண்டுக்கல் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடக்க வேண்டிய அவசியமே இல்லை. பொள்ளாச்சியில் தொடங்கி மூன்று நாள். முதல் நாள் உடுமலைக்கு முன்பே நிறுத்துங்கள். புதிதாக நான்குவழிச் சாலை போட்ட இடங்களில் அதில் ஏறாமல் ஊருக்குள் போகும் பழைய சாலையிலேயே நடங்கள். நிழலும் உண்டு, கடையும் உண்டு, வண்டிகளின் வேகமும் குறைவு. திருப்பூர்க்காரர்களுக்குத் தாராபுரம் வழி சுமார் 80 கிலோமீட்டர். தாராபுரத்துக்கும் பழனிக்கும் நடுவில் உள்ள 33 கிலோமீட்டர் வெட்டவெளி. மத்தியான வெயிலில் அதில் மாட்டிக்கொள்ளாதபடி நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

மதுரை வழி 115 கிலோமீட்டருக்கு மேல். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் பலர் அதில்தான் வருவார்கள். அந்த ஊர்க்காரராக இருந்தால் ஊர்க் குழுவோடு போங்கள். வேறு ஊர்க்காரர் அதைத் தேடிப் போய் நடக்கத் தனிக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. திருச்சியிலிருந்து மணப்பாறை வழியாகத் திண்டுக்கல் வரை நூறு கிலோமீட்டர் நான்குவழி நெடுஞ்சாலை. பழகியவர்கள் போகட்டும். முதல்முறை வேண்டாம்.

தைப்பூசமா, பங்குனி உத்திரமா, சும்மா ஒரு நாளா

தைப்பூசம் ஜனவரி பின்பாதியிலோ பிப்ரவரி முதல் பாதியிலோ வரும். விடியற்காலையில் பனி இருக்கும், பகலில் வெயில் தாங்கும்படி இருக்கும். பங்குனி உத்திரம் மார்ச் பின்பாதி, ஏப்ரல் முன்பாதி. அப்போது திண்டுக்கல் சாலையில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், தாரின் சூடு தனி. பங்குனி உத்திரத்துக்கு என்று ஒரு பெருமை இருக்கிறது: கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடியில் கட்டிக் கொங்கு நாட்டிலிருந்து கால்நடையாகக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அந்தத் தீர்த்தம் சுவாமிக்கு அபிஷேகமாகும். தீர்த்தக்காவடி எடுக்கும் குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. மற்றவர்கள் முதல் நடைக்குத் தைப்பூசத்தை எடுத்துக்கொண்டு, உத்திரத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

கூட்டமே ஆகாது, அமைதியாக நடக்க வேண்டும் என்பவர்கள் சாதாரண நாளில் நடக்கிறேன் என்பார்கள். ஆசை நியாயமானது. ஆனால் அன்றைக்குப் பந்தல் இருக்காது, காவலர் இருக்க மாட்டார், மண்டபம் திறந்திருக்காது, ஓட்டுநர்கள் சாலையோரம் ஆள் நடப்பதை எதிர்பார்க்க மாட்டார்கள். தைப்பூச சமயத்தில் காவல்துறையே நிறுத்தி முதுகுப்பையிலும் துணியிலும் ஒளிரும் பட்டை ஒட்டிவிடும். அந்த ஏற்பாடு எதுவும் இல்லாத நாளில் 60 கிலோமீட்டர் என்பது உண்மையிலேயே தனியாக நடப்பதுதான்.

நடுவழி ஒன்று உண்டு. தைப்பூசத்துக்கு ஏழெட்டு நாள் முன்பே பழனி போய்ச் சேரும்படி நடப்பது. பந்தல்கள் தொடங்கியிருக்கும், கூட்டம் பாதிதான் இருக்கும். பூச நாளன்று தேர் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பூசத்துக்குப் பிறகு போகலாமா என்றால், அப்போதும் பழனி வெறிச்சோடிவிடாது. எடப்பாடிக் காவடிக் கூட்டம் பூசம் முடிந்த பிறகுதான் வந்து, மலைமேலேயே பஞ்சாமிர்தம் தயாரித்து, இரவு அங்கேயே தங்கும் உரிமையோடு வழிபடுகிறது. ஆனால் சாலையோரப் பந்தல்களைப் பெரும்பாலும் அதற்குள் பிரித்துவிடுவார்கள்.

குழுவோடா, நாலு பேராகவா

இதில்தான் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். குழு என்றால் ஒரு குருசாமி இருப்பார், மாலை போடும் நாள், விரதம், பஜனை எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கும், பின்னாலேயே குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) ஒன்றில் பாயும் பைகளும் வரும். சில குழுக்கள் பணமே வாங்காது. சில குழுக்கள் வண்டி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு தொகை வாங்கும். உங்கள் ஊர் முருகன் கோயிலில் மார்கழி மாதம் போய்க் கேட்டாலே யாரோடு போகலாம் என்று தெரிந்துவிடும்.

முதுகில் சுமை இல்லாமல் நடப்பது எவ்வளவு பெரிய நன்மை என்று மூன்றாம் நாள்தான் புரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே முதல்முறை குழு என்பேன். பெண்களுக்கு இன்னும் இரண்டு காரணம்: குளிக்கவும் கழிப்பறைக்கும் குழு முன்கூட்டியே மண்டபமோ பள்ளியோ பேசி வைத்திருக்கும், இரவில் படுக்க இடம் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் "எல்லாம் இருக்கும்மா" என்று குருசாமி சொன்னதோடு விட்டுவிடாமல், போன வருடம் அந்தக் குழுவில் நடந்த ஒரு பெண்ணிடம் கேளுங்கள். அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

குழுவின் குறை வேகம். நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். வேகமாக நடக்கும் பையன்கள் முன்னே போய்விடுவார்கள். நீங்கள் அவர்களைப் பிடிக்க ஓடியே காலைக் கெடுத்துக்கொள்வீர்கள். குழுவில் சேர்ந்தாலும் உங்கள் நடைக்கு ஒத்துவரும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு கடைசியாக நடங்கள். தங்குமிடம் தெரியும், வண்டி ஓட்டுபவரின் எண் கையில் இருக்கிறது, அப்புறம் என்ன அவசரம்?

நாலைந்து நண்பர்கள் சேர்ந்து போவது திண்டுக்கல், பொள்ளாச்சி வழிகளுக்குப் பொருந்தும். செட்டிநாட்டு வழிக்கு அப்படிப் போனால் தங்குமிடம் தேடுவதிலேயே ஒவ்வொரு சாயங்காலமும் போகும். எப்படிப் போனாலும் சாலையின் வலது ஓரமாக, வண்டிகளை எதிர்கொண்டு நடங்கள். பின்னால் வரும் வண்டி உங்களுக்குத் தெரியாது. பாட்டுப் போட்டுக்கொண்டு மூன்று பேர் வரிசையாகக் கைகோத்து நடக்கும் காட்சியை அங்கே நிறையப் பார்க்கலாம். நீங்கள் அதில் சேராதீர்கள்.

வெறுங்காலா, செருப்பா

இங்கே பக்தியும் தோலும் மோதும். வேண்டுதல் வெறுங்காலில் என்றால் அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் ஷூ போட்டே பழகிய கால் இரண்டு நாளில் உரம் ஏறாது. வெறுங்காலில் நடக்கப் போகிறவர் இரண்டு மாதம் முன்பிருந்தே தினம் காலை கரடுமுரடான தரையில் நடந்து பழக வேண்டும். யாத்திரையில் பத்து மணிக்கு மேல் மூன்றரை மணி வரை தாரில் கால் வைக்கக் கூடாது. விடியற்காலையும் சாயங்காலமும்தான் அவர் நேரம். அதற்கேற்ற குழுவாகப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கண்ணாடி குத்தினாலும் தெரியாது, தார் சுட்டாலும் தெரியாது. வெறுங்கால் அவர்களுக்கு அறவே கூடாது. கிளம்பும் முன் மருத்துவரிடம் காலைக் காட்டி, மாத்திரை, ஊசி நேரங்களையும் கேட்டுக்கொண்டு, வழியில் தினம் இரவு உள்ளங்காலை வேறொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர்கள் செருப்புப் போட்டு நடந்ததற்காக எந்தச் சாமியும் கணக்கு வைக்காது.

செருப்பா ஷூவா என்றால், ஏற்கனவே ஆறு மாதமாவது போட்டுப் பழகியது எதுவோ அது. யாத்திரைக்கென்று புது ஷூ வாங்குவதைப் போலக் கொப்புளத்துக்கு வழி வேறில்லை. பின்பக்கம் வார் உள்ள சாண்டலை நான் விரும்புவேன். கால் வேர்க்காது, கழுவிவிட்டு உடனே மாட்டலாம். ஷூ என்றால் தடித்த காலுறை இரண்டு ஜோடி, மத்தியானம் ஒருமுறை மாற்ற வேண்டும். ஈரமும் உராய்வும் சேர்ந்தால்தான் கொப்புளம். எங்காவது சூடாக உறுத்த ஆரம்பித்த அந்த நிமிஷமே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் அது கொப்புளமாகவே ஆகாது. "அடுத்த பந்தலில் பார்த்துக்கலாம்" என்று நடந்தால் ஆகிவிடும். வந்த கொப்புளத்தில் ஊசி நூல் கோத்து நூலை அப்படியே விடும் வைத்தியத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். அந்த நூல் வழியாகவே கிருமி உள்ளே போகும். தோலை உரிக்காமல் மூடிக் கட்டி வைப்பதே மேல்.

தொடை இடுக்கில் உராய்வதை யாரும் வெளியே பேசுவதில்லை, ஆனால் பாதிப் பேரைப் படுத்துவது அதுதான். ஈர வேட்டியோடு நடக்காதீர்கள். உள்ளே முழங்கால் வரை வரும் கால்சட்டை, தேங்காய் எண்ணெய் அல்லது வாஸ்லைன். அவ்வளவுதான் மருந்து. வலி மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீர் வற்றிய உடம்போடு அடுத்தடுத்துப் போடுவது சிறுநீரகத்துக்குக் கெடுதல். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதைவிட உப்பு போட்ட மோரும் இடையிடையே ஓஆர்எஸ் கரைசலும் நல்லது.

பழகிப் பார்ப்பது

மேலே சொன்னதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு மாதம் முன்பே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போய் வாருங்கள். 14 கிலோமீட்டர், பெரும்பாலும் வெறுங்கால், ராத்திரி நடை, கூட்டம். பழனி நடையில் வருகிற எல்லாமே அதில் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. முக்கியமானது அதற்கு அடுத்த நாள். எழுந்து இன்னொரு 12 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முடிந்தால் செட்டிநாட்டு வழியோ நத்தத்திலிருந்தோ தாராளமாகப் போகலாம். படுக்கையைவிட்டே எழ முடியவில்லை என்றால் ஒட்டன்சத்திரத்திலிருந்து 29 கிலோமீட்டரை இரண்டு நாளாக நடங்கள்; உடுமலைப் பக்கம் என்றால் மடத்துக்குளத்திலிருந்து 18. அதுவும் பாதயாத்திரைதான். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் நான் முதலில் சொல்வதே இதைத்தான்.

கடைசியாக மலை. நடந்து வந்து சேர்ந்ததும் உடனே ஏறிவிட வேண்டும் என்று கால் பரபரக்கும். 693 படி, அதற்கு மேல் தரிசன வரிசை. தைப்பூச நாளில் அந்த வரிசையே பல மணி நேரம் ஆகும். மாலைக்குள் பழனி சேர்ந்தால் அன்று இரவு அடிவாரத்தில் குளித்துத் தூங்கிவிட்டு, மறுநாள் விடியற்காலை ஏறுவதுபோல் நாளைக் கணக்கிடுங்கள். படியைவிட யானைப்பாதை சாய்வாக இருப்பதால் நடந்து வந்த முழங்காலுக்கு அது இதம். விஞ்ச் ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன, ஆனால் பூச சமயத்தில் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஏறுவதே சுலபம் என்று தோன்றிவிடும். செல்போனை மலைமேல் கொண்டுபோக அனுமதி இல்லை, அடிவாரத்திலேயே ஒப்படைக்க வேண்டும். ஆகவே குழுவில் யாரும் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று ஏறும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். ஊர் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால் பூசத்தன்று சாயங்காலம் தேர் ஓடும் நேரத்துக்கு முன்பே பஸ் நிலையத்தில் இருக்க வேண்டும்.